நான் உடைத்த முகப்பு

கோல சிலாங்கூர் பழைய பட்டணத்தில் எங்கள் வரிசையில் மொத்தம் பதினோரு கடைகள். எல்லாம் மாடி வைத்த பழைய கட்டடங்கள். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் வட்டிக்கடையாக இருந்த முதல் கடையில் இப்போது கைப்பேசி விற்கிறார்கள். சைக்கிள் கடை மருந்துக்கடையாகி, அதுவும் மூடப்பட்டு, இப்போது கல்யாண உடுப்பு வாடகைக்கு விடும் இடமாகிவிட்டது. நடுவில் மூன்று கடைகளில் மனிதர்களே இல்லை, குருவிகள்தான். ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்து, ஓரிரு ஓட்டைகளை மட்டும் விட்டு, குருவிச் சத்தத்தை ஒலிபெருக்கியில் நாள் முழுக்க ஓடவிட்டால் நிஜக் குருவி வந்து கூடு கட்டுமாம். கூடு வெளிநாட்டுக்காரன் சூப்புக்குப் போகிறது. சத்தம் மட்டும் எங்களுக்கு.

ஒன்பதாவது கடை அம்மாவுடையது. அம்மாவுடையது என்றால் வாடகைக்குத்தான். கீழே பசியாறல் கடை, மேலே நாங்கள் குடியிருக்கிறோம். முன்பு அது ரப்பர் ஷீட் வாங்கும் இடமாக இருந்ததாம். மழைக்காலத்தில் பின்சுவரிலிருந்து இன்னும் அந்தப் புளித்த வாடை வரும். அம்மா ரப்பர் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவர். அப்பா இறந்த பிறகு என்னைத் தூக்கிக்கொண்டு பட்டணத்துக்கு வந்து, இந்தக் கடையில் தோசைக்கல்லைப் போட்டார். முப்பது வருடமாக அந்த அடுப்பு ஓய்ந்ததில்லை.

இந்த வருடத் தொடக்கத்தில் கட்டடத்துக்குச் சொந்தக்காரரான சீனக் கிழவர் காலமானார். பிள்ளைகள் கட்டடத்தை விற்றுவிட்டார்கள். வாங்கியவர் நல்ல மனிதர்தான், சிரித்த முகமாகத்தான் சொன்னார், இதையும் குருவி வீடாக்கப் போவதாக. வருடக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். வேறு இடம் தேடினோம். அம்மா எதையும் பார்க்க வரவில்லை. இந்த வயதில் வேறு அடுப்பு பற்ற வைக்கத் தன்னால் ஆகாது என்று சொல்லிவிட்டார்.

அந்த நேரத்தில்தான் பாதுகாக்க வேண்டிய பழைய கட்டடங்களைக் கணக்கெடுக்க ஒரு பெண் வந்தாள். தமிழ்ப் பெண், இருபத்தைந்து வயதிருக்கும், கழுத்தில் கேமரா, கையில் கோப்பு.

"பசியாறிட்டியாம்மா?" என்றுதான் அம்மா முதலில் கேட்டார். அவள் இரண்டு தோசை சாப்பிட்டு முடிப்பதற்குள் கட்டடத்தின் கதை முழுவதையும் சொல்லி முடித்துவிட்டார்.

"கவலப்படாதீங்க ஆன்ட்டி. லிஸ்ட்ல வந்துட்டா யாரும் ஜன்னல அடைக்க முடியாதுலா. முன்பக்கத்த தொடவே கூடாது," என்றாள் அவள்.

அம்மா என்னைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியாது. அன்று சனிக்கிழமை, எனக்கு வேலை இல்லை, மேசை துடைத்துக்கொண்டிருந்தேன். மாதக்கணக்காக வாடிப்போயிருந்த முகம் அது. எனக்கும் தலைகால் புரியாத சந்தோஷம்.

அந்தப் பெண் சாலையைத் தாண்டிப் போய் நின்று அண்ணாந்து பார்த்தாள். கேமராவைத் தூக்கினாள், இறக்கினாள். திரும்பி வரும்போது நடையில் வேகம் இல்லை.

"ஆன்ட்டி, மத்த கடையில எல்லாம் மேல பூ, எழுத்து, கட்டின வருஷம் இருக்கு. மர ஜன்னல் இருக்கு. இங்க மட்டும் ஏன் மொட்டையா இருக்கு?"

மொட்டையடித்தவன் நான்தான்.

பள்ளிப்படிப்பு முடிந்ததும் ரவாங்கில் அலுமினியச் சட்டம் செய்யும் பட்டறையில் சேர்ந்தேன். அந்த வருடத் தீபாவளிக்குக் கடையைப் புதுசாக்கிக் காட்டுவது என்று ஒரே வெறி. தீபாவளிக்குச் சுவருக்குச் சாயம் அடிப்பது எங்கள் ஆட்களுக்கு எண்ணெய்க் குளியல் மாதிரி, விடவே மாட்டோம். லயத்தில் வாழ்ந்தவர்களுக்குப் பழசு என்றாலே ஒழுகுகிற கூரைதான் நினைவுக்கு வரும். பழசை மறைத்தால்தான் மரியாதை. யாரும் சொல்லித்தராமலே அது எனக்குள்ளும் ஊறியிருந்தது. ஏணி வைத்து ஏறி, சுண்ணாம்பில் செய்த பூமாலை, இரண்டு பறவைகள், சீன எழுத்துகள், நான்கு எண்கள் எல்லாவற்றையும் சுத்தியலால் தட்டி இறக்கினேன்.

"அது பாட்டுக்கு இருக்கட்டும்பா. நமக்கு என்னா தொந்தரவு பண்ணுது?" என்று அம்மா கீழேயிருந்து கூப்பிட்டுச் சொன்னார். அவர் சாம்பிராணி காட்டும்போதெல்லாம் அந்தப் பறவைகள் பக்கமும் ஒருமுறை தூக்கிக் காட்டுவார்.

"பேய் வீடு மாதிரி இருக்கும்மா. நீங்க உள்ள போங்க!"

மர ஜன்னல்களைப் பெயர்த்து அலுமினியமும் நீலக் கண்ணாடியும் போட்டேன். பெயர்த்த மரத்தில்தான் அந்த வருடம் முறுக்குச் சுட்டோம். சீனக் கிழவர் வந்து வெகுநேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, காப்பி குடித்துவிட்டுப் போனார். அவர் அசந்துபோய்விட்டதாக நினைத்துக்கொண்டேன். மடையன்.

"யார் உடைச்சது ஆன்ட்டி?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டார். "நான்தாம்மா ஒடைக்கச் சொன்னேன். மழ தண்ணி எறங்குச்சு. அப்ப இவன் சின்னப் பையன், இவனுக்கு என்னா தெரியும்?"

நான் துணியை வைத்துக்கொண்டு துடைத்த மேசையையே துடைத்தேன். உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதை நினைத்தால் இப்போதும் என் மேலேயே எனக்கு எரிச்சல் வருகிறது.

பழைய படம் ஏதாவது இருந்தால் கொடுங்கள், கேட்டுப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். இருந்த ஆல்பம் எல்லாவற்றையும் கொட்டிப் பார்த்தோம். கடை வாசலில் எடுத்த படங்களுக்குக் குறைவில்லை. புதுச்சட்டை இருக்கிறது, மாவிலைத் தோரணம் இருக்கிறது, கடைப் பெயர்ப்பலகைகூட இருக்கிறது. எல்லாம் அதோடு முடிந்துவிடுகிறது. ஒன்றில்கூட மாடி இல்லை. கட்டிய வருடத்தைக் காட்டிய அந்த நான்கு எண்கள் என்னவென்று தொலைபேசியில் கேட்டாள். பள்ளிக்கூடம் போன வருடமெல்லாம் தினமும் அதன் கீழே நடந்தவன் நான். என்னால் சொல்ல முடியவில்லை.

போன மாதம் பட்டியல் வந்தது. வரிசையின் முதல் தூணில் ஒட்டியிருந்தார்கள். மொத்தம் ஏழு கடை எண்கள். எட்டு இருந்தது, பத்து இருந்தது. ஒன்பது இல்லை. மற்ற கடைக்காரர்கள் கைகுலுக்கிக்கொண்டார்கள். எங்களைக் கண்டதும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

மறுவாரமே ஆட்கள் வந்து ஜன்னல்களை அளந்துகொண்டு போனார்கள், எத்தனை செங்கல் பிடிக்கும் என்று பார்க்க. அவர்கள் இறங்கிப் போன பிறகு அம்மா மாடியில் பாத்திரங்களைப் பழைய செய்தித்தாளில் சுற்றத் தொடங்கினார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். இதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை.

"அன்னிக்கே வேணாம்னு சொன்னீங்கம்மா. நான்தான் கேக்கல."

"நான் எங்க சொன்னேன்? எனக்கு ஞாபகமே இல்ல."

முப்பது வருடத்தில் எழுதி வைத்து ஒரு தோசை கொடுத்தவரில்லை அவர். யாருக்குச் சீனி குறைவு, யாருக்குச் சம்பல் தனியாக, யார் செவ்வாய்க்கிழமை முட்டை தொடமாட்டார்கள் என்று எல்லாம் மனப்பாடம்.

"அம்மா, ஏணிக்குக் கீழ நின்னு சொன்னீங்க. நான் உள்ள போகச் சொல்லிக் கத்தினேன்."

அம்மா ஒரு டம்ளரை எடுத்துச் சுற்றினார். சுற்றியதைப் பிரித்து மறுபடி சுற்றினார்.

"ஞாபகம் இல்லன்னு சொல்றேன்ல. இன்னொரு தடவ கேக்காத," என்றார்.