வெள்ளைச்சாமி அண்ணன் தரையைத் தட்டிய நாள்

குளத்தூரில் பஸ் நின்று, ஆட்கள் இறங்கி ஏறிக்கொண்டிருந்தபோதுதான் செய்தி வந்தது. எதிரே வந்த கறம்பக்குடி லாரி ஒன்று ஹாரன் அடித்து நின்றது. அதன் டிரைவர் தலையை வெளியே நீட்டி, "கண்டக்டரே, ஒங்க ஜப்பான்காரர் போயிட்டாருங்க. காலையில மில்லுல நெஞ்சு வலிக்குதுன்னு உக்காந்தவருதான்" என்றார். எல்லோரும் ஏறியாகிவிட்டது. எங்கள் டிரைவர் திரும்பிப் பார்த்தார், பிரயாணிகள் பார்த்தார்கள். கையில் விசில் இருந்தும் எனக்கு ஊதத் தோன்றவில்லை. முன்சீட்டில் இருந்த ஓர் அம்மாள், "தம்பி, வண்டிய எடுக்கச் சொல்லுங்க" என்று சொன்ன பிறகுதான் ஊதினேன்.

ஜப்பான்காரர் என்று அவர் சொன்னது, கறம்பக்குடி அரிசி மில்லில் இன்ஜின் ஃபிட்டராக இருந்த வெள்ளைச்சாமி அண்ணனை. அவரைத் தெரிந்த நீங்கள் இந்த அஞ்சலியில் என்னிடமிருந்து அடக்கமாக நாலு வார்த்தை எதிர்பார்ப்பீர்கள். என்னால் முடியாது. அவரை நினைத்தாலே எனக்கு உடம்பெல்லாம் பரபரவென்று ஆகிவிடுகிறது. துக்கம் ஒரு பக்கம் இருக்கட்டும். என் வாழ்க்கையிலேயே குதூகலமான காலம் அவரோடு உருண்டு புரண்ட காலம்தான். அதை மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னால் அவருக்கே பிடிக்காது.

அப்போது நான் புதுக்கோட்டை – கறம்பக்குடி பஸ்ஸில் கண்டக்டர். ஒருநாள் ஆலங்குடியில் ஏறிய ஒரு தடித்த ஆசாமி, ஒரு கிடாவையும் பஸ்ஸுக்குள் இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். ஆட்டை இறக்குங்கள் என்றேன். அவர் என் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டார். எனக்கும் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் வயது. கையை ஓங்கப் போனேன். அதற்குள் பின் சீட்டிலிருந்து ஒல்லியான ஒரு மனிதர் எழுந்து வந்து, அந்த ஆசாமியின் கட்டைவிரலை மட்டும் மெல்லப் பிடித்தார். "வாங்கண்ணே, கீழ இறங்கிப் பேசுவோம்" என்றார். அவ்வளவுதான். அந்த மலை போன்ற ஆள் கல்யாண வீட்டுக்கு அழைத்துப் போகிறவர் பின்னால் போவதுபோல் குனிந்தபடி இறங்கிப் போனார். கிடா மட்டும் பஸ்ஸிலேயே நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"என்ன வித்தைங்க அது?" என்று கேட்டேன்.

"ஜூஜிட்சுங்க. ஜப்பான்காரங்க குஸ்தி. மத்தியானம் மில்லுப் பக்கம் வாங்க, காட்டுறேன்" என்றார்.

போனேன். கறம்பக்குடியில் எங்கள் பஸ்ஸுக்கு மத்தியானம் நீண்ட ஹால்ட் உண்டு. மில்லிலும் அந்நேரம் இன்ஜினை நிறுத்திவிடுவார்கள். அண்ணன் சாப்பாட்டுக்கு முன்பே என்னை மில்லின் பின்பக்கம் கூட்டிப் போனார். அங்கே உமியைப் பரப்பி, மேலே லாரித் தார்ப்பாயை இழுத்துக் கட்டியிருந்தார். மெத்தை போலத்தான் இருந்தது. ஆனால் பயிற்சி முடிந்து பஸ் ஏறினால் அன்று முழுவதும் நான் சொறிந்துகொண்டே டிக்கெட் கிழிக்க வேண்டியிருக்கும்.

அவர் மலாயாவில், ஈப்போவில் இருந்தபோது, அங்கே போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்த ஒரு ஜப்பானியரிடம் இதைக் கற்றுக்கொண்டார். யுத்தம் வந்ததும் பாடம் பாதியில் நின்றுபோனது. சுதந்திரத்துக்கு மறுவருஷம் கப்பலேறி ஊர் திரும்பியவர், அன்றிலிருந்து ஜோடிக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார். வந்தவர்கள் எல்லாம் ஒருநாள் உருண்டுவிட்டு மறுநாள் வேறு தெரு வழியாகப் போனார்கள். "எனக்குத் தெரிஞ்சது பாதிதாங்க கண்டக்டர். மீதிய நாம ரெண்டு பேருமாத்தான் கண்டுபிடிக்கணும். இது தனியாச் செய்யுற காரியம் இல்ல" என்றார். அவர் சொன்ன விதத்தில் இருந்த ஆசை என்னை அப்படியே கட்டிப் போட்டுவிட்டது.

முதலில் விழக் கற்றுக் கொடுத்தார். பிறகு பிடி, மூட்டை மடக்கி இறுக்கும் பூட்டு, விடுவிப்பு. பிடி தாங்க முடியாவிட்டால் உள்ளங்கையால் தரையைத் தட்ட வேண்டும். தட்டினால் தோல்வி, உடனே விட்டுவிட வேண்டும். நான் தட்டிய தட்டில் அந்தத் தார்ப்பாய் கிழியாதது ஆச்சரியம். அதிலும் அவருடைய மரியாதை இருக்கிறதே, அதுதான் தாங்காது. என் கையை முறுக்கி, முழங்காலை என் விலாவில் ஊன்றிக்கொண்டு, "வலிக்குதுங்களா கண்டக்டர்?" என்பார். கழுத்தை நெரித்துக்கொண்டே, "டிரிப்புக்கு நேரமாச்சுங்களா?" என்பார்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு பிடிக்கும் பிறகு ஜெயித்தவர் வாய் திறக்கக் கூடாது. தோற்றவர்தான் சொல்ல வேண்டும். "எங்க தோத்தீங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவார். ஆரம்பத்தில், "கழுத்தைப் பிடிச்சப்ப" என்பேன். தலையாட்டுவார். சில மாதங்கள் கழித்து, "இல்ல, அதுக்கு முன்னாடி நான் கையை நீட்டுனப்ப" என்று எனக்கே தெரிய ஆரம்பித்தது. அதற்கும் தலையாட்டுவார். சரி என்றோ தப்பு என்றோ ஒருநாளும் சொன்னதில்லை.

கறம்பக்குடிச் சந்தை நாள் ஒன்றில் பஸ் மேல் ஏறிப் பலாப்பழங்களை இறக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு பழம் வழுக்கியது, கூடவே நானும். கூட்டம் "ஐயோ" என்றது. என்ன நடந்தது என்று எனக்குத் தெரிந்தபோது நான் தரையில் ஒரு பக்கமாகக் கிடந்தேன். உள்ளங்கை மண்ணை ஓங்கி அறைந்திருந்தது, முகவாய் நெஞ்சோடு ஒட்டியிருந்தது. எழுந்தேன். முழங்கையில் ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான். பழம்தான் பிளந்து போனது. விஷயம் மில்லுக்குப் போய், அண்ணன் கிரீஸ் கையோடு ஓடி வந்தார். அடிபட்டதா என்று கேட்கவே இல்லை. "எந்தக் கை மொதல்ல தரையத் தொட்டுச்சு?" என்று கேட்டார். இடது கை என்றேன். நடுச் சந்தையில் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

ஆனால் விழத் தெரிந்தால் போதுமா? எனக்கு அவரை ஜெயிக்க வேண்டும். ஒரே ஒரு தடவை அவர் தரையைத் தட்ட வேண்டும். மழை போய் வெயில் வந்தது, வெயில் போய் மழை வந்தது, நான் தட்டிக்கொண்டே இருந்தேன். ஒருநாள் பொறுக்கவில்லை. ஒரே மத்தியானத்தில் ஒரே பூட்டில் திரும்பத் திரும்ப மாட்டினேன். எழுந்து, பயிற்சிக்கென்று போட்டிருந்த காடாத் துணிச் சட்டையைக் கழற்றிச் சுருட்டினேன்.

"அண்ணே, நான் இனிமே வரல. வந்த அன்னைக்கு எப்படி இருந்தேனோ அப்படியேதான் இருக்கேன். எனக்கு இது வராது."

அவர் முகம் வெளுத்துப் போனது. நான் போனால் அவருக்கு வேறு யாரும் கிடையாது என்று இருவருக்கும் தெரியும். கெஞ்சுவார் என்று நினைத்தேன். அவர் தார்ப்பாயின் சுருக்கத்தை நீவிவிட்டுக்கொண்டே சொன்னார்:

"நீங்க பஸ்ல நிக்கிறீங்க, நானும் அதே பஸ்ல நிக்கிறேன். என்னையவே பாத்துக்கிட்டு வந்தா வண்டி நகராத மாதிரித்தாங்க இருக்கும். ஜன்னலுக்கு வெளிய பாருங்க கண்டக்டர். முன்னாடி கழுத்த நெரிச்ச பெறகுதான் தோத்தது தெரிஞ்சிச்சு ஒங்களுக்கு. நேத்து என்ன சொன்னீங்க? நான் தோள அசைச்சப்பவே நீங்க தோத்துட்டதாச் சொன்னீங்க. ஒங்களோட மல்லுக்கட்ட நான் என்னென்ன பண்ண வேண்டியிருக்குன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

எனக்குச் சமாதானம் ஆகவில்லை. இருந்தாலும் மறுநாளும் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை என்பதுதான் உண்மை.

அந்த வாரமே அது நடந்தது. இப்போது எழுதும்போதும் எனக்குச் சந்தோஷம் பொங்குகிறது. பிடி ஆரம்பித்ததும் அவருடைய வலது கால் கட்டைவிரல் தார்ப்பாயில் லேசாக அழுந்துவதைப் பார்த்தேன். அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. யோசித்துத் தெரிந்ததல்ல, உடம்புக்கே தெரிந்தது. அவர் திரும்புவதற்குள் நான் திரும்பிவிட்டேன். அவருடைய வலது கை என் இரண்டு தொடைகளுக்கும் நடுவே நீளமாக வந்து மாட்டிக்கொண்டது. நான் மல்லாந்து, அவருடைய முழங்கை பின்பக்கமாக வளையும்படி இடுப்பை உயர்த்தினேன். அவர் உருண்டார், நெளிந்தார், காலை உதைத்துத் திரும்பப் பார்த்தார். நான் விடவில்லை.

"வலிக்குதுங்களா அண்ணே?" என்று கேட்டேன். அந்தக் கேள்வியைக் கேட்க எத்தனை காலம் காத்திருந்தேன்.

அவர் இன்னொரு முறை திமிறினார். பிறகு தார்ப்பாயில் பட் பட்டென்று சத்தம் கேட்டது. என் கை தட்டிய சத்தம் இல்லை அது.

விட்டதும் எழுந்து உட்கார்ந்தார். தோற்றவர் சொல்ல வேண்டும் அல்லவா? கண்ணை மூடி யோசித்தார். திடீரென்று கண்ணைத் திறந்து, "கட்டைவெரல்லங்க. என் கட்டைவெரல நீங்க பாத்துட்டீங்க. அங்கயே தோத்துட்டேன்" என்றார். முகமெல்லாம் பல். நான் மூச்சு வாங்குவதற்குள், உமி ஒட்டிய சட்டையோடு என்னை இழுத்துக்கொண்டு டீக்கடைக்கு ஓடினார். இடது கையில் கிளாஸை உயர்த்தி, "நம்ம கண்டக்டர் என்னையத் தோக்கடிச்சிட்டாருங்க" என்று இருந்தவர், வந்தவர், ரோட்டில் மாட்டு வண்டியில் போனவர் எல்லோரிடமும் சொன்னார். தோற்ற மனிதன் இப்படிக் கொண்டாடி நான் பார்த்ததே இல்லை.

அங்கேதான் எனக்குச் சந்தேகம் முளைத்தது. வரமாட்டேன் என்று நான் சொன்ன அதே வாரத்தில் இவர் எப்படித் தோற்றார்? ஜோடி போய்விடக் கூடாது என்று குழந்தைக்கு மிட்டாய் கொடுப்பதுபோல் கொடுத்துவிட்டாரோ? மனசு கேட்கவில்லை. பஸ் ஏறும்போது கேட்டேவிட்டேன். "அண்ணே, விட்டுக் குடுத்தீங்களா?"

அவர் முகத்திலிருந்து சிரிப்பு மறைந்தது. "விட்டுக் குடுத்தா ஒங்ககிட்டேருந்து திருடுன மாதிரிங்க" என்றார்.

மறுநாள் பஸ் கறம்பக்குடியில் நின்றதும், இன்ஜினைப் பிரித்துப் போட்டிருக்கிறது, கொஞ்ச நாள் ஆகும் என்று சொல்லியனுப்பினார். என் சந்தேகம் இன்னும் பருத்தது. அந்தக் கொஞ்ச நாளுக்குள் முதலாளி என்னைக் குளத்தூர் ரூட்டுக்கு மாற்றிவிட்டார். அதன் பிறகு பண்டிகை நாட்களில்தான் பார்ப்போம். பார்க்கும்போதெல்லாம் இரண்டு பேரும் தார்ப்பாயில் இறங்குவோம், பழையபடி நான்தான் தட்டுவேன். அந்த ஒரு வெற்றி மட்டும் செல்லுமா செல்லாதா என்று தெரியாமலேயே என் சட்டைப் பைக்குள் கிடந்தது. அது செல்லும் என்றால் நான் எங்கோ வந்து சேர்ந்திருக்கிறேன். செல்லாது என்றால் அத்தனை வருஷமும் நின்ற இடத்திலேயே நின்றிருக்கிறேன். இதைவிடப் பெரிய கேள்வி எனக்கு இருந்ததில்லை.

அவருடைய காரியத்தன்று சாப்பாடு முடிந்து கிளம்பும்போது, அண்ணன் மனைவி என்னை நிறுத்தினார். நான் மதினி என்றுதான் கூப்பிடுவேன்.

"தம்பி, ஒண்ணு சொல்லணும். அவுக இருக்குற வரைக்கும் சொல்லக் கூடாதுன்னுட்டாக. நீங்க அவுகளத் தோக்கடிச்சதா டீக்கடை முழுக்கச் சொல்லிட்டு வந்தாகள்ல, அன்னைக்கு வீட்டுக்கு வந்து வலது கையத் தூக்க முடியல. முழங்கை இம்புட்டு வீங்கிப் போச்சு. மில்லுக்கு லீவு சொல்லிட்டாக. வீக்கம் வத்துற வரைக்கும் நாந்தான் சோறு ஊட்டிவிட்டேன். வாயில சோத்த வச்சுக்கிட்டே சிரிப்பு. 'எப்படிப் பிடிச்சான் தெரியுமா, நான் ஆன மட்டும் பாத்தேன், விடலயே'ன்னு அதையேதான் சொல்லுவாக."

என்னை ஒருநாளும் அவன் இவன் என்று பேசாதவர் அவர்.

"அந்தத் தம்பிகிட்டச் சொன்னா என்னன்னு கேட்டேன்" என்றார் மதினி. "'தெரிஞ்சா அடுத்த தடவ பயந்து பிடிப்பான். அவனும் பயந்து பிடிச்சா அப்பறம் எனக்கு யாரு இருக்கா?'ன்னாக."

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இதைத்தான். உங்களில் ஒவ்வொருவரிடமும் அவருடைய ஏதாவது ஒன்று இருக்கும். என்னிடம் அவருடைய தோல்வி இருக்கிறது. முழுத் தோல்வி, கலப்படமில்லாதது, அவர் தன் கையைக் கொடுத்து எனக்கென்று காப்பாற்றி வைத்தது. மதினி சொல்லி முடித்ததும் எனக்கு வந்த சந்தோஷத்தில், துக்க வீடு என்பதையும் மறந்து, செருப்பைக்கூட மாட்டாமல் வேகமாக வெளியே வந்தேன். தெருமுனை வரை போன பிறகுதான் நின்றேன். மில்லுக்கு ஓடிப் போய் அவரிடம் சொல்லத்தான் நான் கிளம்பியிருந்தேன்.