தம்புசாமி மாமாவின் இலக்கணக் கேள்விகள்

கிள்ளான் வள்ளியம்மாவுக்கு ஒரே மகள் புஷ்பவல்லி. அஞ்சாம் ஸ்டாண்டர்டு வரை கான்வென்ட்டில் படித்தவள். அவளுக்கு வரும் மாப்பிள்ளைக்கு இங்கிலீஷ் இலக்கணம் தெரிந்திருக்கவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவர் தாய்மாமன் தம்புசாமி, ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி. வள்ளியம்மாவுக்கு அண்ணன், இருவருக்கும் நடுவில் பிறந்த பிள்ளை எதுவும் தங்கவில்லை, அதனால் அவர் வைத்ததுதான் சட்டம். காபி குடித்த கையோடு கேள்வி போடுவார். இரண்டு பேர் அப்படியே எழுந்து போய்விட்டார்கள். இனி ஒருவர் போனால், டெங்கிலில் பெண்டாட்டி செத்துப்போன கங்காணிக்குத்தான் என்று வள்ளியம்மா சொல்லிவிட்டாள்.

மூன்றாவதாக வந்தவர் கன்னையா, பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே ஸ்டோரில் சாமான் எடுத்துக் கொடுப்பவர். புஷ்பவல்லி திரைக்குப் பின்னால் நின்றாள்.

“‘பாய்’க்குப் பன்மை சொல்லுங்க, தம்பி.”

“பாய்ஸ்.” கேள்வி முடியுமுன்னே பதில் வந்தது.

மாமாவுக்கு அன்று இருமல். இருமி முடித்தவர், அடுத்த கேள்வியை விட்டு அதற்கடுத்ததைக் கேட்டார். “‘சைல்ட்’டுக்குப் பன்மை?”

“வென்ட்.”

“என்னது? சரி, ‘கோ’வுக்கு இறந்த காலம்?”

“சில்ட்ரன்.”

“ரயிலுக்கு நேரமாச்சு, தம்பி,” என்று மாமா எழுந்தார்.

புஷ்பவல்லிக்கு மனசுக்குள் என்னவோ குறுகுறுத்தது. விடை இரண்டும் சரி; இடம்தான் மாறி விழுந்திருக்கிறது. ஒன்றும் தெரியாதவர் வாயில் அது எப்படி வரும்?

“இருங்க மாமா,” என்று தடுத்து, திரைக்குப் பின்னாலிருந்தே கன்னையாவைக் கேட்டாள். “இதெல்லாம் உங்களுக்கு யாரு சொல்லிக் கொடுத்தது?”

கன்னையா தலையைச் சொறிந்தார். “தரகர் சின்னையா அண்ணே. உங்க மாமா எப்பவும் இதே வரிசையிலதான் கேப்பாருன்னு ரயில்ல சொன்னாரு. எனக்கு இங்கிலீஷ்ல சாமான் பேரு மட்டும்தான் தெரியும்.”

வாசலில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த சின்னையா மெல்லச் செருப்பைத் தேடினார்.

“கத்துக்கிறீங்களா?” என்றாள் புஷ்பவல்லி.

“யாரு சொல்லித் தருவா?”

“நான்தான்.”

“அப்ப வரிசையைக் கலைச்சுக் கேளுங்க.”

வள்ளியம்மாவே சிரித்துவிட்டாள். தம்புசாமி முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார். ஆனாலும் தை மாதம் தாலி எடுத்துக் கொடுத்தது அவர்தான்.

பிரிக்பீல்ட்ஸில் வரிசையாக வீடுகள் ஒட்டிய லயத்தில் புஷ்பவல்லி புளி கரைத்துக்கொண்டே கேள்வி கேட்பாள். அவர் துணி உலர்த்திக்கொண்டே பதில் சொல்வார். பக்கத்து வீட்டு மாரியாயி, “என்னடி, விடிஞ்சதும் துரை பாஷையில சண்டை?” என்பாள்.

ஸ்டோர் கிராணி வேலைக்கு வைத்த பரீட்சையில் கன்னையா முதல் தடவை தோற்றார், அடுத்த தடவை தேறினார். வீடு வந்தவரை உட்காரக்கூட விடாமல், என்னென்ன கேட்டார்கள் என்று பிடித்துக்கொண்டாள் புஷ்பவல்லி.

அவருக்கு ஒரு கேள்விகூட ஞாபகமில்லை, வரிசையும்தான்.