கை தூக்காதவர்

எழுதுவது என் வேலையில்லை. பள்ளிக்கூடத்தில் சாதாரண தரப் பரீட்சை வரைதான் படித்தேன். நாலு பேர் முன்னால் பேசவும் கூச்சம். துணிந்து எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். படப்பிடிப்புகளுக்கு முதலுதவி வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு உதவலாம் என்றுதான் எழுதுகிறேன்.

சுனாமி வந்த பிறகு முகாமில் இருந்த ஒரு தாதியிடம் காயத்துக்கு மருந்து கட்டப் பழகினேன். பிறகு சண்டையில் இடம்பெயர்ந்து வந்தவர்களோடும் அதே வேலை. சண்டை முடிந்து கொஞ்சக் காலத்தில் கொழும்பிலிருந்து ஒரு படக்குழு வந்தது. தன்னாமுனைப் பக்கம், வாவிக்கரையில் ஷூட்டிங். காயம் கட்டத் தெரிந்த, தமிழும் சிங்களமும் விளங்கும் ஆள் வேண்டுமென்றார்கள். யாரோ என்னைச் சொல்லிவிட்டார்கள்.

முதல் நாள் கதாநாயகிக்குத் தலையிடி, ஒருவருக்குக் காலில் சிப்பி வெட்டு. அவ்வளவுதான்.

இரண்டாம் நாள், ஷெல் விழுந்து சனங்கள் செத்துக் கிடக்கும் காட்சி. பிணமாகப் படுக்க ஊர் ஆட்களையே பிடித்திருந்தார்கள். குழுவுக்கு ஒரு வழக்கம் இருந்தது. யாருக்காவது உண்மையாகவே ஏதும் ஆகிவிட்டால் வலது கையைத் தூக்க வேண்டும். உடனே கமராவை நிறுத்துவார்கள். உதவி டைரக்டர் சிங்களத்தில் சொன்னதை நான் எல்லோருக்கும் தமிழில் சொன்னேன்.

சின்னராசா அண்ணன் வாவியில் வலை வீசுகிறவர். இடுப்பில் கட்டியிருந்த சாரனில் சிவப்புச் சாயம் ஊற்றும்போது சிரித்தார்.

"உசிரோட இருக்கக்குள்ள கிடைக்காத கோழிச்சோத்துப் பார்சல், செத்தாக் கிடைக்குது புள்ள."

பக்கத்தில் படுத்திருந்த வயதான அம்மா, "பேசாமச் செத்துக் கிட மனே" என்றார்.

வெடிகள் வெடித்தன. புகை கலைந்தது. கமரா ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கையும் எழவில்லை.

அந்தச் சாயம் சீனிப்பாகு கலந்து செய்தது. ஊற்றின இடத்திலேயே பிசின் மாதிரி நிற்கும். சின்னராசா அண்ணனின் தொடைக்குக் கீழே மணல் நனைந்துகொண்டே போனது. உதவி டைரக்டரிடம் சொன்னேன். கை தூக்கவில்லையே என்றார். அந்த ஆளின் நடிப்பு டைரக்டருக்கு நன்றாகப் பிடித்துவிட்டது, இனிக் கமரா அவருக்குக் கிட்டப் போகும், கொஞ்சம் பொறுங்கள் என்றார்.

கமராவுக்குக் குறுக்கே ஓடினேன். பின்னால் டைரக்டர் ஏசுவது கேட்டது.

வெடித்ததில் பறந்த பலகைத் துண்டு ஒன்று தொடையில் ஏறியிருந்தது. அதைப் பிடுங்காமல் சுற்றிவர அழுத்தினேன். இரத்தம் நிற்கவில்லை. சாரனைக் கிழித்துக் காயத்துக்கு மேலே கட்டி, தடி செருகி முறுக்கினேன். அவர் கண்ணை மூடியபடி கிடந்தார். மூச்சு விடுவது கூடத் தெரியவில்லை.

"அண்ணே, ஏன் கை தூக்கல்ல?"

உதடு மட்டும் அசையக் கேட்டார்: "போயிட்டாங்களா?"

எனக்கு விளங்கவில்லை. அந்த அம்மாதான் எழும்பி வந்து சொன்னார்: "முந்தி சண்டைக் காலத்துல துவக்குக்காரங்க ஊருக்குள்ள வந்து சுட்ட நேரம், செத்தவங்களுக்குள்ள அசையாமக் கிடந்துதான் புள்ள இவன் தப்பினவன்."

நான் குனிந்து, "ஓம், போயிட்டாங்க அண்ணே" என்றேன். அப்போதுதான் அவர் வாய்விட்டு அழுதார்.

அம்புலன்ஸ் இல்லை. இருந்த ஒரே வான் வண்டிக்குள் லைட் சாமான். அதை இறக்கித்தான் ஏற்றினோம். ஆஸ்பத்திரியில் காலை முழங்காலுக்கு மேலே வெட்டி எடுத்துவிட்டார்கள். உயிர் தப்பியது. வலை வீசக் காலூன்றி நிற்க இனி அவரால் ஏலாது.

பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். கை தூக்கச் சொல்லிவிட்டுக் காத்து நிற்காதீர்கள். எங்கள் பக்கத்தில் நோகும்போது அசையாமல் கிடக்கப் பழகின ஆட்கள் நிறையப் பேர். ஒவ்வொரு ஷொட்டுக்குப் பிறகும் நீங்களே போய்த் தொட்டு, பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள்.

மறுநாள் காலை, மணலைப் புரட்டிப் போட்டு, அதே இடத்தில் வேறொருவரைப் படுக்க வைத்து அந்தக் காட்சியை எடுத்தார்கள். நானும் வேலைக்குப் போயிருந்தேன்.