டிரையருக்குப் பின்னால் தக்காளி நாற்று

சலவைக் கடையில் அவளை எல்லாரும் இஸ்திரி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிட வயதில் மூத்தவர்களும் அப்படித்தான். காலையிலிருந்து சாயங்காலம் வரை ஆவி கக்கும் மேஜைக்கு முன்னால் நின்று, விடுதி விரிப்புகளையும் ஆபீஸ் சட்டைகளையும் தேய்த்துத் தேய்த்து, அவள் கைக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. மொடமொடவென்று காய்ந்து கிடக்கும் எதைக் கண்டாலும் கை தானாக ஸ்ப்ரே பாட்டிலைத் தேடும். புஸ் புஸ் என்று இரண்டு தரம் அடித்தால்தான் அவளுக்கு மனசு ஆறும். வீட்டில் திரைச்சீலைக்கு அடித்திருக்கிறாள். ஒரு தடவை நாத்தனார் படித்துக்கொண்டிருந்த செய்தித்தாள் கசங்கியிருக்கிறதே என்று அதற்கும் அடித்து, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். இந்தப் பாழாய்ப்போன பழக்கம்தான் அந்தக் குளிர்காலத்தில் அவள் குடியைக் கெடுக்கப் பார்த்தது.

அவள் வீட்டுக்காரரைத் தெருவில் கரண்டுக்காரர் என்பார்கள். ஏணியில் ஏறினால் சீட்டியடித்துக்கொண்டே வேலை செய்கிற மனுஷர். ஒரு நாள் யார் வீட்டு மாடிப்படியிலோ விளக்கு மாட்டப் போய், ஏணி வழுக்கி, மேலேயிருந்து விழுந்தார். தோள்பட்டை உடைந்தது. பிறகு எலும்பு கூடிவிட்டது. டாக்டரும் படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "இனிமே தாராளமா வேலைக்குப் போகலாம்" என்று சொல்லி அனுப்பினார். மனுஷர் எங்கே போனார்? ஆஸ்பத்திரியிலிருந்து வந்து மாடி வீட்டுக்கு ஏறியவர், அதற்கப்புறம் படியே இறங்கவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்தவர் படுத்தவர்தான். அவள் கெஞ்சிப் பார்த்தாள், கத்திப் பார்த்தாள், ஒரு நாள் முழுக்கப் பேசாமல் இருந்தும் பார்த்தாள். பேசாமல் இருந்தது அவருக்குச் சௌகரியமாகப் போயிற்று. நானாக இருந்தால் தலையணையாலேயே நாலு போட்டிருப்பேன். அவளுக்கு அவ்வளவு துணிச்சல் இல்லை. பயம்தான் இருந்தது. இந்த ஆள் இப்படியே சுவரோடு சுவராகப் போய்விடுவாரோ என்ற பயம்.

குளிர் ஆரம்பித்ததும், கீழ்வீட்டில் இருந்த நாத்தனார் ஒரு பெரிய மூட்டையைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க மேலே வந்தாள். கூட வேலை பார்த்த யாரோ ஊர் மாறிப் போகும்போது விட்டுவிட்டுப் போன செடி டென்ட். வெளியே கறுப்புத் துணி, உள்ளே பளபளவென்று வெள்ளித்தாள், முன்னால் ஒரு ஜிப். பார்ப்பதற்குத் துணியால் செய்த அலமாரி மாதிரி இருக்கும். உள்ளே ஒரு விளக்கும் சின்ன ஃபேனும். படுக்கையறையில் பீரோவுக்குப் பக்கத்தில் அதை நிறுத்தி, விளக்கைக் கோணல்மாணலாகக் கட்டி, வயரை வெளியே தொங்கவிட்டு, "அண்ணி, சூப்பரா இருக்கு இல்ல?" என்றாள் நாத்தனார்.

சுவர்ப் பக்கம் கிடந்த தலை திரும்பியது.

"எவ மாட்டினது இத? வீட்டக் கொளுத்தறதுக்கா?"

எழுந்து வந்தார். வயரை உருவினார், டேப் கேட்டார், டெஸ்டர் கேட்டார். நாத்தனார் வேண்டுமென்றே கோணலாக மாட்டினாளா, இல்லை அவள் லட்சணமே அவ்வளவுதானா என்பது இன்று வரை யாருக்கும் தெரியாது. கேட்டால் சிரிப்பாள்.

விளக்கை நேராக்கியவர் அதோடு நிற்கவில்லை. மூட்டையோடு வந்த குழித்தட்டில் தேங்காய் நார்த்தூளை நிரப்பி, குழிக்கு ஒரு விதையாகத் தக்காளி போட்டார். மிஞ்சிய விதைகளைக் குப்பையில் போடப் போனபோது, "எதுக்குங்க வீணா?" என்று இஸ்திரி அக்கா வாங்கித் தன் பர்ஸில் போட்டுக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியே எல்லாம் விறைத்துக் கிடக்க, டென்டுக்குள் ஒவ்வொன்றாகக் கழுத்தை வளைத்துக்கொண்டு முளை வந்தது. அவர் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு அதன் முன்னாலேயே உட்கார்ந்துவிட்டார். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, தட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

"குளிர் போகட்டும். எல்லாத்தையும் கீழ கொண்டு போயி மண்ணுல வெக்கணும்."

கீழே! அந்த வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து எத்தனை மாதமாயிற்று! அவள் தண்ணீர் எடுக்கிற சாக்கில் சமையலறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு அழுதுவிட்டு வந்தாள். அன்று முதல் அவளுக்கு அது தக்காளி நாற்று இல்லை. அது பிழைத்தால் மனுஷர் படி இறங்குவார், செத்தால் மறுபடியும் சுவர். அவள் கணக்கு அவ்வளவுதான்.

இங்கேதான் அந்தக் கை வருகிறது. தினமும் காலையில் அவர் குளிக்கப் போனதும், வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் டென்டின் ஜிப்பை இறக்கி ஒரு பார்வை பார்ப்பாள். மேல்மண் வெளுத்துக் காய்ந்தாற்போலத் தெரியும். ஐயோ பாவம், பச்சைப் பிள்ளைகள் நாக்கு வறண்டு நிற்கின்றன என்று புஸ் புஸ் என்று அடித்துவிடுவாள். ஃபேன் காற்று சில்லென்று படுகிறதே என்று அதன் முகத்தையும் ஓரமாகத் திருப்பி வைப்பாள். கரண்டுக்காரர் தட்டுக்கு அடியில் அளவாக ஊற்றி, வேர் உறிஞ்சிக்கொள்ளட்டும் என்று விட்டிருந்தது அவளுக்குத் தெரியாது. அவரும் சொல்லவில்லை. ஃபேன் ஏன் தினமும் திரும்பி நிற்கிறது என்று மட்டும் ஒரு தரம் முணுமுணுத்தார். அவள் ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

ஒரு நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அறை இருட்டாக இருந்தது. மூலையில் டென்டின் ஜிப் இடுக்கில் மட்டும் வெளிச்சம் கசிந்தது. அவர் படுத்திருந்தார், சுவரைப் பார்த்து.

"என்னங்க?"

"சாயுது."

ஜிப்பை இறக்கிப் பார்த்தாள். ஓர் ஓரத்தில் இருந்த நாற்றுகள் மண்ணோடு மண்ணாகக் கிடந்தன. இலை பச்சையாகத்தான் இருந்தது, தண்டு மட்டும் மண் மட்டத்தில் நூலாக இளைத்து அழுகியிருந்தது. சாப்பிடக் கூப்பிட்டாள். "எனக்கு வேண்டாம்" என்று போர்வைக்குள்ளிருந்து பதில் வந்தது. "நான் தொட்டது எதுதான் நிக்குது?" என்றும் வந்தது.

மறுநாள் கடைக்கு மேஜை விரிப்புகளைச் சலவைக்குக் கொடுக்க வந்த பூக்கடைக்காரியிடம் மெல்லப் பேச்சுக் கொடுத்தாள். அவள் பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்திவிட்டாள்.

"மேல தண்ணி தெளிக்கறீங்களா?"

"லேசா... ஈரம் காயாம இருக்கட்டும்னு..."

"நல்லா வெச்சீங்க! அது நாத்தழுகல் நோய்க்கா. மேல் ஈரம் காயவே விடலேன்னா கழுத்து அழுகிடும். காத்தும் ஓடணும். தாகத்துல செத்த நாத்த விட தண்ணியில செத்ததுதான் ஜாஸ்தி."

இஸ்திரி அக்காவுக்கு மூஞ்சி செத்துவிட்டது. நோய் வந்ததாம், யார் கொண்டு வந்தது? நாந்தான், நான் பெத்த பிள்ளை மாதிரி பாத்துப் பாத்துக் கொன்னேன்! அன்று ஒரு சட்டைக் காலரைத் தீய்த்தும் விட்டாள், இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக.

போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருக்கத்தான் வேண்டும். ஆனால், "நாத்து செத்தது உங்க கைராசியால இல்ல, என் கையால" என்று சொல்லப் போய், அவர் அதையும் கேட்டுவிட்டுப் பேசாமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டால்? அந்த முதுகை இன்னொரு தரம் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை.

அப்போதுதான் அவளுக்குப் பர்ஸில் போட்ட விதைகள் ஞாபகம் வந்தன. அவர் விதைத்த வாரமே, கடையில் பெரிய டிரையருக்குப் பின்னால் இருந்த கதகதப்பான திண்டில், சோப்புத்தூள் அளக்கிற பழைய கப்புகளில் மண் நிரப்பி விளையாட்டாகப் போட்டு வைத்திருந்தாள். போகிற போக்கில் எப்போதாவது ஒரு வாய்த் தண்ணீர் விட்டதோடு சரி, குனிந்து பார்த்ததில்லை. எட்டிப் பார்த்தாள். முளைத்திருந்தன! அழுக்கு ஜன்னலின் துளி வெளிச்சத்தைப் பார்த்து, சூட்டில் வெடவெடவென்று வளர்ந்து, ஒல்லிப்பிச்சானாக நின்றன. ஒல்லியோ குண்டோ, உயிரோடு இருந்தனவே!

"தண்டு நீளமா இருந்தா கழுத்து வரைக்கும் புதைச்சு வைங்க. தக்காளி பிழைச்சுக்கும்" என்று பூக்கடைக்காரி சொல்லிக் கொடுத்தாள்.

அப்புறம் நடந்ததெல்லாம் திருட்டு வேலைதான். வீட்டு ஸ்ப்ரே பாட்டிலைக் கடைக்குக் கொண்டு போய்விட்டாள். ஆனாலும் அழுகல் நின்றபாடில்லை; நாளுக்கு ஒன்றிரண்டு சாய்ந்துகொண்டேயிருந்தன. அவர் எழுந்ததும் நேராகக் குளிக்கப் போவார். தோள் சரியாக வளையாததால் குளியல் நீளும். குளித்துவிட்டு வந்து ஸ்டூலில் உட்காரும்போது அவர் மாட்டி வைத்த டைமர் டக்கென்று டென்ட் விளக்கைப் போடும். அதற்குள் வேலை முடிய வேண்டும். செல்போன் வெளிச்சத்தில் சாய்ந்ததை நகத்தால் கிள்ளியெடுத்து, அழுகின மண்ணை ஸ்பூனால் வழித்துவிட்டு, டிபன் டப்பாவில் ஒளித்துக்கொண்டு வந்த புதுசைக் கழுத்து வரை புதைத்து, விரலால் மண்ணை அணைக்க வேண்டும். குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் கேட்கும் வரைக்கும்தான் அவளுக்கு உயிர்.

ஒரு நாள் கடைசி நாற்றை வைத்துக்கொண்டிருக்கும்போது சத்தம் நின்றுவிட்டது. மண்ணைத் தள்ளிவிட்டு ஜிப்பை இழுத்தால், பாதியில் துணியைக் கடித்துக்கொண்டு நின்றது. இழுத்தாள், வரவில்லை. மேலே தள்ளினாள், போகவில்லை. குளியலறைத் தாழ்ப்பாள் திறந்தது. அதே நேரத்தில் டக்கென்று டைமர் விளக்கைப் போட்டு, அவள் மூஞ்சி முழுக்க வெளிச்சம் அடித்தது.

"என்ன பண்ற அங்க?"

"பீரோல... துணி எடுக்கறேன்."

"பீரோ இந்தப் பக்கம்ல இருக்கு?"

"ஆமா, இருக்கு" என்று சொல்லிவிட்டு, டிபன் டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு அரக்கப் பரக்க ஓடிவிட்டாள். பதிலாம் பதில்!

ஆனால் பலன் இருந்தது. அவர் மறுபடி சாப்பிட்டார். "அழுகல் நின்னுடுச்சு போலிருக்கு" என்றார். அவள் ஒரு வாரம் நிம்மதியாக மூச்சு விட்டாள்.

பிறகு ஒரு காலை, அவள் கிளம்பும்போது அவர் ஸ்டூலில் குனிந்து உட்கார்ந்திருந்தார். கண்ணாடியை மூக்கு நுனியில் இறக்கி, ஒரு நாற்றின் தண்டிலிருந்து எதையோ இரண்டு விரலால் பிரித்தெடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார்.

"இன்னைக்கு எப்ப வருவ?" என்றார், திரும்பாமலே.

இத்தனை மாதத்தில் அவர் அப்படிக் கேட்டதே கிடையாது. குரலில் கோபமும் இல்லை, ஒன்றும் இல்லை. "எப்பவும் போலத்தான்" என்றாள். அவர் ஜிப்பை மெல்ல ஏற்றி மூடினார்.

கடையில் அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தெரிந்துவிட்டது. ஏமாத்திட்டாளே என்று நினைத்திருப்பார். நான் வளர்த்ததெல்லாம் செத்துப்போச்சு, இவ எங்கேயோ இருந்து கொண்டுவந்து ஒட்டுப்போட்டிருக்கா, என்னை அழற குழந்தைன்னு நினைச்சாளான்னு... ஐயோ, நினைக்க மாட்டாரா என்ன! சாப்பாட்டு நேரத்தில் போன் போட்டாள். அடித்து அடித்து நின்றது. மறுபடியும் போட்டாள். அதே கதை. நாத்தனாருக்குப் போட்டாள்.

"அண்ணி, நான் மேலதான் நிக்கறேன். கதவு சாத்தியிருக்கு. தட்டறேன், கூப்பிடறேன், சத்தமே இல்ல. உள்ள போன் அடிக்கறது கேக்குது."

"நல்லாத் தட்டு!"

"கை வலிக்கத் தட்டிட்டேன் அண்ணி. எனக்குப் பயமா இருக்கு. சாவி உங்ககிட்டதான இருக்கு?"

அவளுக்கு அதற்கு மேல் ஒன்றும் காதில் விழவில்லை. இஸ்திரியை அணைத்தாளா இல்லையா என்றுகூடத் தெரியாது. சாவியைத் தேடிப் பையைக் கவிழ்த்தாள். கடைக்காரம்மா, "என்னம்மா, என்ன ஆச்சு? ஏன் பேயறைஞ்ச மாதிரி நிக்கற?" என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே, கோட்டில் ஒரு கையை மட்டும் நுழைத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

கதவு வெளியிலிருந்து திறந்தது.

கரண்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். மூக்கு சிவந்து, உதடு வெளுத்து, வாயிலிருந்து புகை புகையாக மூச்சு வந்தது. நல்ல தோளில் கருவிப் பை. கக்கத்தில், போர்வையில் சுற்றிய நீளமான ஒரு பொட்டலம்.

"படியெல்லாம் பனி, வழுக்குது" என்றார். "யாரும் பெருக்கறதே இல்ல போலிருக்கு."

அவர் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். ஒரு சிட்டிகை வெள்ளைப் பஞ்சு இருந்தது. டிரையர் வடிகட்டியில் நாள்தோறும் திரளும் அதே துணிப்பஞ்சு.

"தண்டுக்குத் தண்டு இது ஒட்டிக்கிட்டிருக்கு. சோப்பு வாசனை வேற. தக்காளியில எங்கயாவது சோப்பு வாசனை வருமா? எங்க வெச்சிருக்க மீதிய?"

"போன் அடிச்சனே! எடுக்க மாட்டீங்களா? உயிரே போயிடுச்சு எனக்கு! உங்க தங்கச்சி அங்க கதவ ஒடைச்சிட்டிருக்கா!" என்று கத்தினாள் அவள். அதுவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் பொத்துக்கொண்டு வந்தது. "நாந்தான் தண்ணியத் தெளிச்சுக் கொன்னேன். நாந்தான்!"

"தெரியும். ஃபேன் ஒண்ணும் தானா திரும்பாது. மொதல்ல எடத்தக் காட்டு."

டிரையருக்குப் பின்னால் கப்புகளில் நின்ற மிச்ச நாற்றுகளை அவர் வெகுநேரம் பார்த்தார். ஒன்றின் தண்டை விரலால் தூக்கிவிட்டார். அது துவண்டு மறுபடி ஜன்னல் பக்கமே சாய்ந்தது.

"சூடு இருக்கு, தண்ணி இருக்கு. வெளிச்சம்தான் இல்ல. பாவம், எட்டி எட்டிப் பாக்குதுங்க" என்று சொல்லிவிட்டுப் போர்வையைப் பிரித்தார். பழைய குழல்விளக்கு ஒன்று, புது வயரோடு. அண்ணாந்து கூரையில் கொக்கியைத் தேடினார். கை எட்டாத உயரம்.

கடைக்காரம்மா ஒன்றும் தெரியாமல், மூலையில் இருந்த மடக்கு ஏணியைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்து அவர் முன்னால் விரித்து நிறுத்தினாள்.

அவர் ஏணியைப் பார்த்தார். வேண்டாம், நான் ஏறி மாட்டறேன் என்று இஸ்திரி அக்கா சொல்ல வாயெடுத்தாள். சொல்லாமல் மென்று விழுங்கினாள். அவர் ஒரு காலைத் தூக்கி முதல் படியில் வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார்.

"பிடிச்சுக்கறியா?"

"பிடிச்சிருக்கேன்."

"ரெண்டு கையாலயும் பிடி."

பிடித்தாள். அவர் ஏறினார். ஒவ்வொரு படியிலும் நின்று மூச்சு வாங்கினார், ஏணி அவர் நடுக்கத்தில் கடகடவென்று ஆடியது. கொக்கியில் கம்பியை முறுக்கினார், தோள் வலியில் பல்லைக் கடித்தார், திட்டினார், இன்னொரு முறுக்கு முறுக்கினார். வெளிச்சம் வந்தது. மேலேயிருந்தபடியே, கீழே பார்க்காமல் சொன்னார்.

"இதுங்க மேல ஒரு சொட்டு தண்ணி தெளிச்ச, அந்த பாட்டில ஒடைச்சுப் போட்டுருவேன். சொல்லிட்டேன்."

"சரிங்க" என்றாள். மூக்கு ஒழுகியது. துடைக்கவில்லை, இரண்டு கையும் ஏணியில் இருந்தன.