படத்தின் பெயர்: படமில்லை

எங்கள் வானொலி நிலையத்துக் கம்ப்யூட்டரில் ஒரு பாட்டை ஏற்ற வேண்டுமானால் நான்கு கட்டங்களை நிரப்ப வேண்டும்: முதல் வரி, பாடியவர், இசை, படம். ஒன்று காலியாக இருந்தாலும் கம்ப்யூட்டர் பாட்டை வாங்காது. சினிமாவில் வராத பாட்டு என்று ஒன்று இருக்கலாம் என்பதே அந்தப் புரோகிராமை எழுதியவருக்குத் தோன்றவில்லை. அவரைச் சொல்லியும் குற்றமில்லை. நம் ஊரில் ஒருவர் வாயைத் திறந்து நாலு வரி பாடினால், நன்றாக இருக்கிறது என்று சொல்வதற்கு முன்பே எந்தப் படம் என்றுதான் கேட்போம்.

தனியார் எஃப்.எம். எங்கள் பக்கம் வந்த புதிது அது. எக்ஸ்போர்ட் ஆபீசில் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு நான் மைக் முன்னால் போய் உட்கார்ந்தேன். வீட்டில் ஒரு மாதம் யாரும் என்னோடு சரியாகப் பேசவில்லை. மத்தியானம் இரண்டிலிருந்து ஐந்து வரை என் நேரம். சென்னையிலிருந்து வந்திருந்த மேலாளர் அதைச் செத்த நேரம் என்பார். அதனால்தான் புதிதாகச் சேர்ந்த பெண்ணான என் தலையில் கட்டினார். அவருக்குத் திருப்பூர் தெரியாது. சாப்பாடு முடிந்து தையல் மெஷின் முன்னால் கண் சொக்குகிற நேரம் அது. யாரும் அசந்துவிடக் கூடாது என்று பனியன் கம்பெனிகளில் ரேடியோவை ஸ்பீக்கரில் அலறவிடுவார்கள். காதர்பேட்டைக் கடைகளிலும் பல்லடம் பஸ்களிலும் அதே கதைதான். செத்த நேரமாம்!

சினிமாப் பாட்டின் மேல் எனக்குப் பகை ஒன்றும் கிடையாது. ஆனால் சென்னையிலிருந்து வருகிற லிஸ்டில் இருப்பதை மட்டும் கிளிப்பிள்ளை மாதிரி போட்டுக்கொண்டிருக்க எனக்கு எரிச்சலாக இருந்தது. சொந்தமாகப் பாட்டுக் கட்டுகிறவர்கள் எங்கள் ஊரிலும் இருந்தார்கள். சி.டி.யில் பதிந்து எடுத்துவந்து வரவேற்பறையில் கொடுத்துவிட்டுப் போவார்கள். அவையெல்லாம் மேலாளரின் மேசைக்கு அடியில் ஓர் அட்டைப்பெட்டிக்குள் போய்ச் சேரும். ஒரு நாள் அந்தப் பெட்டியையே தூக்கிக்கொண்டு வந்து ஒவ்வொன்றாகக் கேட்டேன். பாதிக்கு மேல் சுமார்தான், பொய் சொல்ல மாட்டேன். ஒன்று மட்டும் என்னை எழுந்திருக்கவிடவில்லை.

'ஊரு சட்டைக்கெல்லாம் ஓட்டை பாத்தேன், என் சட்டைக்கு யாரு பாத்தா?' என்று ஒரு பெண் குரல். பின்னால் ஒரே ஒரு கிடார். சி.டி. உறையில் இருந்த எண்ணுக்குப் பேசினேன். ஞாயிற்றுக்கிழமை வந்தாள். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை. தைத்து வரும் துணியில் ஓட்டை, கறை இருக்கிறதா என்று நாள் முழுக்க நின்றுகொண்டு பார்க்க வேண்டும். சர்ச்சில் பாடிப் பழகிய குரல். கடை விளம்பரம் பதிகிற ஒரு ஸ்டூடியோவில் அரை மணி நேரம் கெஞ்சி வாங்கிப் பாடியிருக்கிறாள்.

"நல்லா இல்லன்னா நல்லா இல்லன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிருங்கக்கா. எந்தப் படம்னு மட்டும் கேட்றாதீங்க" என்றாள்.

"உங்க கம்பெனியில என்ன சொல்றாங்க?"

"நான் பாடுதேன்னே அங்க யாருக்கும் தெரியாதுக்கா. தெரிஞ்சா கிண்டல் பண்ணியே கொன்னுருவாளுவ."

அவள் பெயரை ரேடியோவில் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். மறுநாள் பாட்டை ஏற்றும்போது நான்காவது கட்டத்தில் 'படமில்லை' என்று அடித்தேன். கம்ப்யூட்டர் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டது. படத்தின் பெயரைச் சொல்லாமல் பாட்டுப் போடக் கூடாது என்பது எங்கள் விதி. அதையும் மீறவில்லை. "அடுத்து வர்றது, படமில்லைங்க" என்று சொல்லித் தினமும் ஒரு தடவை போட்டேன்.

நாலாம் நாள் ஒரு போன். "ஏனுங்க, அந்தப் 'படமில்லை' படத்துப் பாட்டு இன்னொருக்கா போடுங்க." எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. திருத்தியிருக்க வேண்டும், திருத்தவில்லை. அந்த வாரமே 'படமில்லை' எப்போது ரிலீஸ் என்று கேட்க ஆரம்பித்தார்கள். ஒரு பெண் அந்தப் படத்தை உடுமலையில் பார்த்துவிட்டதாகவே சொன்னாள்.

மேலாளர் என்ன செய்தார் தெரியுமா? நேயர்கள் கேட்ட பாட்டுகளின் பட்டியலில் அந்தப் பெயர் மேலே ஏறுவதைப் பார்த்து, அந்தப் படத்தின் மற்ற பாட்டுகளையும் உடனே அனுப்பும்படி சென்னைக்குப் போன் போட்டுவிட்டார். அவர்கள் ஒரு நாள் முழுக்கத் தேடிவிட்டு அவரைக் கேலி செய்திருக்கிறார்கள். மறுநாள் இரண்டு மணிக்கு முன்னால் முகம் சிவந்து என் எதிரில் நின்றார்.

"சினிமாப் பாட்டுன்னு நம்பித்தான் கேக்கறாங்க. இல்லன்னு சொல்லிப் பாரு, ஒரு ஆள் கேக்க மாட்டான். இன்னிக்கு மைக்ல மன்னிப்புக் கேட்டுட்டு, அதோட அந்தப் பாட்டைத் தூக்கிடு."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனால் அவர் சொன்னதில் பாதி உண்மையாக இருக்குமோ என்றும் தோன்றியது. சினிமா என்று நினைத்துத்தான் பிடித்திருந்ததா? அப்படியானால் அந்தப் பெண்ணுக்கு நான் செய்தது நல்லதா, கெடுதலா?

பாட்டைப் போட்டேன். முடிந்ததும் மைக்கைத் திறந்தேன். "ஒரு விசயம் சொல்லோணுங்க. 'படமில்லை'ன்னு ஒரு படமே இல்லீங்க. இந்தப் பாட்டை எழுதிப் பாடினது நம்மூருல பனியன் கம்பெனியில செக்கிங் பாக்கற ஒரு பொண்ணுங்க. இப்ப நீங்க கேட்டுட்டு இருக்கறப்ப அதுவும் எங்கியோ நின்னு துணி பாத்துட்டிருக்கும். சினிமாவுல வந்தாத்தான் பாட்டுன்னு நெனைக்கறவங்க கூப்பிட்டு என்னைத் திட்டலாமுங்க." மன்னிப்பு என்ற வார்த்தை என் வாயிலிருந்து வரவில்லை. வராது.

கண்ணாடிக்கு வெளியே மேலாளர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். முதல் போன் திட்டத்தான் வந்தது. "ஏமாத்திப் போட்டீங்களேங்க" என்று சொல்லி ஒருவர் போனை வைத்துவிட்டார். இரண்டாவதும் அப்படியே. அதற்குப் பிறகு கால் மணி நேரம் போனே வரவில்லை. நான் சொன்னேனே என்பதுபோல் மேலாளர் தலையை ஆட்டினார். அவர் முன்னால் அழுதுவிடக் கூடாது என்று லிஸ்டில் இருந்ததைப் போட்டுக்கொண்டே இருந்தேன்.

அப்புறம் ஒருவர் கூப்பிட்டார். பின்னால் மெஷின்கள் ஓடுகிற சத்தம்.

"நான் ஒரு டெய்லருங்க. போச்சாதுங்க, போனாப் போகுது, படம் இல்லீன்னா என்ன? பாட்டு இருக்குதில்லீங்க. அதையே போடுங்க."

மேலாளர் வேண்டாம் என்று கையை ஆட்டினார். நான் அவர் பக்கம் திரும்பவில்லை. லிஸ்டில் அடுத்திருந்த பாட்டை எடுத்துவிட்டு அவள் பாட்டைத் திரும்பவும் போட்டேன். அடுத்த வாரமே என்னை விளம்பரம் படிக்கிற வேலைக்கு மாற்றினார்கள். மாற்றிக்கொள்ளட்டும்.

அந்த இரண்டாவது தடவை பாட்டு ஓடிக்கொண்டிருந்தபோது நடந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அவள் செக்கிங் மேசையில் கையிலிருந்த துணியைப் போட்டுவிட்டு, இது நான் பாடியது என்று சொல்லியிருக்கிறாள். மெஷின் சத்தத்தில் யாருக்கும் காதில் விழவில்லையாம். ஸ்டூல் மேல் ஏறி நின்று கத்திச் சொன்னாளாம்.