மஞ்சள் ஹெல்மெட் போட்ட தடுப்பாட்டக்காரன்

ஓடிலோ ஷ்னித்ரிக் ஐஸ் ஹாக்கி ஆடியே பதினான்கு வருஷம் குடும்பம் நடத்தியவன். அத்தனை வருஷத்தில் அவன் வட்டை அடித்ததைவிட வட்டு அவனை அடித்ததுதான் அதிகம். சம்பளமும் அதற்குத்தான். எதிராளி மட்டையை ஓங்கியதும் மற்றவர்கள் நாசூக்காக ஒதுங்கிக்கொள்வார்கள். ஓடிலோ மட்டும் போய்க் குறுக்கே விழுவான். தோள், விலா, முழங்கால், ஒருமுறை காது என்று வட்டு எங்கே பட்டாலும் வலைக்குள் போகாமல் நின்றால் சரி. அவன் ஆடிய ரீட்மாட் ஊர் அணியின் ரசிகர்கள் ஒவ்வொரு ஆட்டத்திலும் கோல்கீப்பரின் பெயரைச் சொல்லிப் பாடுவார்கள். குறுக்கே விழுந்தவனைப் பற்றி ஒரு பாட்டும் கிடையாது.

அவன் மனைவி ஃபபியோலா அந்த ஊர்ப் பல் மருத்துவமனையில் உதவியாளராக இருந்தாள். முன்பல் இரண்டையும் ஒரு கிளாஸ் பாலில் போட்டு எடுத்துக்கொண்டு போன அன்றுதான் ஓடிலோ அவளை முதலில் பார்த்தான். ஒட்டவைத்த பற்கள் உறுதிப்படுவதற்குள் கல்யாணம் உறுதிப்பட்டுவிட்டது. அவன் அப்பா மெடார்டுக்கு மலைமேல் பிளாட்டாக்கர் கிராமத்தில் கறுப்புச் சண்டை மாடுகள் உண்டு. வசந்த காலத்தில் எந்தப் பசு மற்றதை முட்டி ஜெயித்துக் கூட்டத்துக்கு ராணியாகும் என்பதைத் தவிர உலகத்தில் வேறெதுவும் போட்டி இல்லை என்பது அவர் கட்சி. "வாசல்ல குறுக்கே படுக்கறது நாயோட வேலை. அதுக்கு ஒரு கிளப்பு, அதுக்கு ஒரு கோச்சு!" என்பார்.

பதினான்காவது சீசன் தொடங்கும்போதே அது கடைசி என்று ஓடிலோவுக்குத் தெரியும். அணி மேலாளர் அன்செல்ம் ட்ரூஃபர் அவனைக் காபிக்கு அழைத்து, "உன் அனுபவத்தை நாங்க ரொம்ப மதிக்கறோம், ஓடிலோ" என்றார். மேலாளர்கள் அனுபவத்தை மதிக்கத் தொடங்கினால் மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று அனுபவம் உள்ள யாருக்கும் தெரியும். அந்த வருஷம் கோல் போடுவதற்கென்றே கனடாவிலிருந்து கயேத்தான் லுவாசெல் என்பவனைக் கொண்டுவந்திருந்தார்கள். ஊர்ப் பேருந்துகளின் முதுகில் எல்லாம் அவன் படம்தான், பல்லெல்லாம் தெரிய.

முதல் ஆட்டத்தில் ஓடிலோவும் ஒரு எதிராளியும் சிக்கிக்கொண்டு, இருவருமாகச் சறுக்கிப்போய் எதிரணி வலைக்கு முன்னால் விழுந்தார்கள். வேறு யாரும் எழுந்திருக்க உதவாததால் அவன் தானே முட்டிபோட்டு எழுந்துகொண்டிருந்தான். அந்த நேரம் பார்த்து லுவாசெல் அடித்த வட்டு அவன் பின்பக்கத்தில் பட்டு, திசை மாறி, வலைக்குள் போனது. கோல் ஓடிலோ பெயரில் எழுதப்பட்டது. ஆட்டத்தின் கடைசிப் பகுதியில் தன் பக்கத்து அபாயத்தைத் துரத்த அவன் கண்ணை மூடிக்கொண்டு ஒரு அடி அடித்தான். வட்டு திடலின் முழு நீளத்தையும் தாண்டி ஓடியது. அதைப் பிடிக்க எதிரணி கோல்கீப்பர் வலைக்குப் பின்னால் போய்க் காத்திருந்தார். வட்டோ திடலைச் சுற்றி அடித்திருந்த பலகையின் மூட்டில் தட்டி, எதிர்ப்பக்கம் திரும்பி, ஆளில்லாத வலைக்குள் மெல்ல நடந்து போனது. ஐந்துக்கு இரண்டு என்று ரீட்மாட் தோற்றது. அந்த இரண்டும் ஓடிலோவுடையவை.

அடுத்த ஆட்டத்துக்கு உடை மாற்றும்போது அவன் இடத்தில் ஒரு மஞ்சள் ஹெல்மெட் தொங்கியது. இந்த நாட்டின் முதல் பிரிவில் அணிக்கு ஒரு மஞ்சள் ஹெல்மெட். அதிகப் புள்ளி எடுத்தவன் தலையில்தான் அது இருக்க வேண்டும்.

"இது யாருக்கு?" என்று ஓடிலோ கேட்டான்.

"உனக்குத்தான்," என்றார் சாமான்களைப் பார்த்துக்கொள்கிறவர்.

"விளையாடாதீங்க."

"நான் எங்கே விளையாடறேன்? நீதான் விளையாடப் போறே. சீக்கிரம் மாட்டு."

லுவாசெல் எழுந்து நின்று தலைகுனிந்து வணங்கினான். அறை முழுக்கச் சிரிப்பு. ஓடிலோவும் சிரித்தான். ஒரு வாரத்து வேடிக்கை என்றுதான் அவனும் நினைத்தான்.

வேடிக்கை வாரக்கணக்கில் நீண்டது. ரீட்மாட் அணி கோல் போடுவதையே ஏறக்குறைய நிறுத்திவிட்டது. போட்ட ஒன்றிரண்டும் எப்படியோ ஓடிலோவின் மேல் உரசிக்கொண்டுதான் போயின. லுவாசெல் எப்போதும் ஒரு புள்ளி பின்னால் இருந்தான். ஒவ்வொரு ஊரிலும் எதிராளிகள் மஞ்சளைத் தேடி வந்து பலகையோடு சேர்த்து மோதினார்கள். "டேய் மஞ்சக் கனேரிக்குருவி! ஒரு பாட்டுப் பாடு, கேப்போம்!" என்று ஏரிக்கரை அணியின் முரடன் ஒருவன் அவனைத் தரையோடு அழுத்திக்கொண்டே கேட்டான். ஓடிலோவுக்குப் பாட மூச்சு இல்லை.

பிளாட்டாக்கர் கிராமத்தில் இதற்குள் அவன் பெரிய மனுஷன் ஆகிவிட்டான். பாலாடைக் கடையில் அவன் படம் தொங்கியது. சின்ன வயதில் அவனுக்குச் சறுக்கக் கற்றுக்கொடுத்தது தான்தான் என்று நாலு பேர் சொல்லிக்கொண்டார்கள். அவர்களில் இரண்டு பேருக்குச் சறுக்கவே தெரியாது. மெடார்டும் முதல் முறையாக மலையிறங்கி வந்து ஆட்டம் பார்த்தார். ஆட்டம் முடிந்ததும் கம்பி ஓரத்தில் நின்று மகனை ஏற இறங்கப் பார்த்தார்.

"ராணி மாட்டோட மணியை ஒரு கன்னுக்குட்டி கழுத்துல கட்டினா என்ன ஆகும் தெரியுமா?"

"என்ன ஆகும்ப்பா?"

"எல்லா மாடும் அதைத்தான் முட்ட வரும்." சிறிது யோசித்தவர், "ஆனா மஞ்சள் உனக்கு எடுப்பா இருக்கு" என்றார். அப்பாவின் வாயிலிருந்து ஓடிலோ கேட்ட முதல் பாராட்டு அது. கெடுதல் அங்கேதான் ஆரம்பித்தது.

ஓடிலோ நம்பத் தொடங்கினான். ஒருவேளை தான் இத்தனை காலம் தவறான இடத்தில் விழுந்துகிடந்திருக்கலாம், தனக்குள் ஒரு கோல்காரன் இருந்திருக்கலாம் என்று தோன்றியது. கார் நிறுத்துமிடத்தில் ஒரு பழைய கதவைச் சாத்திவைத்து அடித்துப் பழகினான். ஆட்டத்தில் வட்டு மட்டைக்கு வந்ததும் முன்னால் பாய்ந்தான். பாய்ந்தவன் திரும்பி வருவதற்குள் எதிராளிகள் அவன் விட்டுவந்த காலி இடத்தின் வழியாக நிதானமாக வந்து கோல் போட்டுவிட்டுப் போனார்கள். அணி பட்டியலின் அடிக்குப் போனது. பத்திரிகைகள் ரீட்மாட்டில் ஒளிவீசுகிறவன் ஓடிலோ ஒருவன்தான் என்று எழுதின.

பயிற்சியாளர் லெஹ்தோவாரா ஃபின்லாந்துக்காரர். வார்த்தைகளைக் கடனுக்கு வாங்கியவர்போல் எண்ணித்தான் செலவு செய்வார். ஒருநாள் அவனை நிறுத்தி, "ஓடிலோ. நீ சுவர். சுவர் நடக்கக் கூடாது," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அதைவிட ஃபபியோலா சொன்னதுதான் உறைத்தது. சட்டையில்லாமல் சமையலறையில் ரை ரொட்டி அறுத்துக்கொண்டிருந்தவனை அவள் சுற்றிவந்து பார்த்தாள்.

"என்ன தேடறே?"

"காயத்தை. முதுகுல ஒரு நீலம், விலாவுல ஒரு சிவப்பு, எதுவும் இல்லியே. யாரோ வேத்து ஆளோட குடித்தனம் பண்ற மாதிரி இருக்கு."

"அதான் பலகையில மோதறானுங்களே!"

"அது அவங்க மோதறது. நீ போய் விழுந்தது எங்கே?"

ஓடிலோ கத்தியைக் கீழே வைத்தான். பழைய வலிகளுக்காக ஏங்கும் மனிதன் உலகத்தில் தான் ஒருவனாகத்தான் இருக்கும் என்று அவனுக்கு வெட்கமாக இருந்தது.

அன்றே முடிவு செய்தான்: ஹெல்மெட்டை உரியவனிடம் ஒப்படைத்துவிட வேண்டும். வழி சுலபம். வட்டு கிடைத்தால் லுவாசெலிடம் தள்ளிவிடுவது, பிறகு ஓடிப்போய்த் தன் வலைக்கு முன்னால் விழுவது. அடுத்த ஆட்டத்தில் ஓடிலோ தள்ளிவிட்டான், லுவாசெல் கோல் போட்டான். மறுபடி தள்ளினான், மறுபடி கோல். மூன்றாவதும் அப்படியே. ரீட்மாட் ஜெயித்தது. ஆனால் இந்த ஆட்டத்தில் கோல் போட்டவனுக்கு ஒரு புள்ளி என்றால், கடைசியாக வட்டைக் கொடுத்தவனுக்கும் ஒரு புள்ளி. லுவாசெலுக்கு மூன்று, ஓடிலோவுக்கும் மூன்று. பழைய ஒரு புள்ளி வித்தியாசம் கல்லு மாதிரி அப்படியே நின்றது.

"ஓடி," என்றான் லுவாசெல் வியர்வையைத் துடைத்தபடி, "நீ எனக்குக் குடுக்கறியா, இல்ல எங்கிட்டேருந்து புடுங்கறியா?"

"சத்தியமா குடுக்கத்தான் பாக்கறேன்."

"அப்ப ஒண்ணு பண்ணு. கொஞ்சம் மோசமாக் குடு."

மோசமாகக் கொடுத்துப் பார்த்தான். நடுவில் யாராவது தொட்டால் தன் கணக்கில் வராது என்று எதிராளியின் காலைப் பார்த்துக் குறிவைத்தான். அது காலுக்கு இடையே புகுந்து லுவாசெலின் மட்டைக்கே போய்ச் சேர்ந்தது. மறுநாள் ஒரு பத்திரிகை அதைக் கலை என்றது.

சீசனின் கடைசி ஆட்டம். தோற்றால் கீழ்ப்பிரிவுக்கு இறங்கும் போட்டிகளில் போய் மாட்ட வேண்டும். ரீட்மாட் ஒரு கோல் முன்னால். முடிய இன்னும் கொஞ்சமே இருந்தது, எதிராளிகள் தங்கள் கோல்கீப்பரையும் வெளியே எடுத்துவிட்டு ஆறு பேராக முற்றுகை போட்டார்கள். அவர்களில் பலசாலி மட்டையைத் தலைக்குமேல் ஓங்கினான். ஓடிலோ யோசிக்கவில்லை. பதினான்கு வருஷப் பழக்கம் அவனைக் கீழே தள்ளியது. மஞ்சள் ஹெல்மெட் போட்டவன் எவனும் விழாத விதமாக, முகம் முன்னால் போகும்படி குறுக்கே பாய்ந்தான். வட்டு தாடையில் பட்டது. எலும்பு முறிந்த சத்தம் அவனுக்கே கேட்டது. வலிக்கு முந்தின அந்தக் கணத்தில் மனசுக்குள் ஏதோ சரியான இடத்தில் போய் உட்கார்ந்ததுபோல் இருந்தது என்று பிற்பாடு ஃபபியோலாவிடம் சொன்னான்.

தாடையில் பட்டுத் தெறித்த வட்டு எதிராளி ஒருவன் மட்டைக்குப் போக, பலகையோரத்தில் ரீட்மாட்டின் இளைஞன் ஒருவன் அதைப் பிடுங்கித் தள்ள, லுவாசெல் ஓடிப்போய்க் காலி வலையில் போட்டான். அணி தப்பியது. புள்ளியும் சமமானது. சமமானால் கோல் அதிகம் போட்டவனுக்கே ஹெல்மெட். ஆகவே மஞ்சள் ஹெல்மெட் கடைசியில் லுவாசெலுக்குச் சொந்தமானது. அதைப் போட்டுக்கொள்ள ஆட்டம்தான் பாக்கி இல்லை. கோடையில் அவன் ஸ்வீடனுக்குப் போய்விட்டான்.

ஓடிலோவின் தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள். வாயே திறக்க முடியாது. மேலாளர் ட்ரூஃபர் ஆஸ்பத்திரிக்கு வெள்ளை ஒயின் பாட்டிலோடு வந்தார்.

"இன்னும் ரெண்டு வருஷ ஒப்பந்தம், ஓடிலோ! ஆனா தடுப்பு வேலை இல்லே. முழுக்கத் தாக்குதல். உன்னைச் சுத்தித்தான் அடுத்த அணியே. என்ன சொல்றே?"

ஓடிலோ கையைத் தூக்கிக் கட்டைவிரலை வாய்ப்பக்கம் காட்டினான்.

"ஆஹா! சம்மதம்னு சொல்லிட்டான்!"

"தண்ணி கேக்கறார்," என்றாள் ஃபபியோலா. உறிஞ்சு குழாயை அவன் உதட்டோரம் சொருகிவிட்டு மேலாளரைப் பார்த்தாள். "அவருக்கு வேண்டாம்."

"அவன் சொல்லட்டுமே, அம்மா."

"சொல்ற நிலையில இருந்தா சரின்னுதான் சொல்லுவார். யாராவது ஓங்கினா போய்க் குறுக்கே நிக்கறவர். நீங்க ஓங்கியிருக்கீங்க." அவள் திரும்பி, "நான் தப்பாச் சொன்னா தலையாட்டு" என்றாள்.

ஓடிலோ தலையை ஆட்டவில்லை. கண்ணை மூடிக்கொண்டு தண்ணீர் உறிஞ்சினான். ட்ரூஃபர் பாட்டிலை மேசையில் வைத்துவிட்டுப் போனார். அதை மெடார்ட் குடித்தார்.

இப்போது ஓடிலோ பிளாட்டாக்கருக்கு மேலே சரிவுகளில் பனிச்சரிவுத் தடுப்பு வேலி போடும் குழுவில் இருக்கிறான். குளிர்காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில் கிராமத்து அணிக்கு ஆடுகிறான். இருப்பதிலேயே கீழ்ப்பிரிவு அது. பாலாடைக்கடைக்காரர் லியாண்டர்தான் தலைவர். நாடே பார்த்த கோல்காரனைப் பின்னால் நிறுத்தினால் ஊர் சிரிக்கும் என்று அவர் பிடிவாதமாக ஓடிலோவை முன்னால் நிறுத்துகிறார். மூன்று குளிர்காலம் போயிற்று, ஒரு கோலும் அவன் போடவில்லை. ஆனாலும் எந்த அணி வந்தாலும் அவனைச் சுற்றி மூன்று பேரைக் காவல் வைக்கிறது. மிச்ச இடத்தில் லியாண்டரும் கூட்டாளிகளும் தாராளமாகக் கோல் போட்டு முதலிடத்தில் இருக்கிறார்கள். காவல்காரர்களோடு மூலையில் நின்று ஓடிலோ ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்பான். பக்கத்துப் பள்ளத்தாக்குத் தபால்காரர் ஒருவர் அப்படிப் பேசிப் பேசியே போன வசந்தத்தில் மெடார்டிடம் ஒரு கறுப்புக் கன்று வாங்கிப்போனார். நல்ல கன்று, நன்றாக முட்டுகிறதாம்.