கண் பட்ட கோழி

மூன்று வருடங்களுக்கு முன், பலாப்பழ சீசனில் ஒரு திங்கட்கிழமை காலை, கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலை போகும் பஸ்ஸில் நடந்தது இது. நான் கல்வராயன் மலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர்.

அதற்குச் சில மாதங்கள் முன்பு, மழையில் நான் வந்த வேன் மலைப்பாதை வளைவு ஒன்றில் சறுக்கிக் கவிழ்ந்தது. உடைந்த கை கூடிவிட்டது, மனசு கூடவில்லை. பஸ் ஹாரன் கேட்டாலே உடம்பு வெடவெடக்கும். தைரியமாக இரு என்று சொல்லாத ஆள் ஊரில் இல்லை. தைரியம் கடையில் விற்றால் வாங்கியிருக்க மாட்டேனா?

ஆஸ்பத்திரியில் மனநல ஆலோசனை சொல்லும் மேடம் மட்டும் வேறு மாதிரி சொன்னார். "பயத்தத் தொரத்தாதீங்க. வந்தா வரட்டும், பக்கத்துல ஒக்காரட்டும். கண்ணுல படறது, காதுல கேக்கறது, கையில தட்டறது, அத ஒவ்வொண்ணா சொல்லிக்கினே வாங்க." வாராவாரம் போய் அவர் எதிரில் உட்கார்ந்து பழகினேன். அறைக்குள் நன்றாகத்தான் வந்தது. லீவு முடிந்து முதல்முறையாக மலை ஏறும்போது வருமா? வராவிட்டால் கொடுத்துவிடலாம் என்று இடமாற்றம் கேட்டு எழுதிய மனு கைப்பையில் இருந்தது. ஆனால் அந்தப் பிள்ளைகளை விட்டுப் போக எனக்குத் துளியும் மனமில்லை.

கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் நெஞ்சு அடித்துக்கொண்டது. பக்கத்து சீட்டில் ஒரு அம்மா, அவர் மடியில் கால் கட்டிய கோழி. என் கண்ணில் பட்டது அதுதான். முணுமுணுக்கத் தொடங்கினேன். "செவப்புக் கொண்ட. மினுமினுன்னு கழுத்து. கொழுகொழுன்னு ஒடம்பு..."

அந்த அம்மா வெடுக்கென்று கோழியை முந்தானையால் மூடினார். "இன்னாம்மா, இப்படிக் கண்ணு வெச்சிக்கினு வரீங்க? பொண்ணு வூட்டுக்கு எட்த்துக்கினு போறேன். இனி இது முட்ட வெக்குமா?"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. எனக்கு மானம் போய்விட்டது. வேன் கவிழ்ந்தது, மேடம் சொன்னது எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் முந்தானையை விலக்கிக் கோழியை ஒரு பார்வை பார்த்தார்.

"கண்ணு வெச்சவங்களே தடவிக் குட்த்தா கழிஞ்சிடும். புடிங்க" என்று கோழியைத் தூக்கி நீட்டினார். புடவை பாழாகக் கூடாதே என்று, பையில் கைக்குக் கிடைத்த தாளை எடுத்து அவசரமாக மடியில் விரித்து வாங்கிக்கொண்டேன்.

இறகுக்கடியில் கோழியின் நெஞ்சு படபடவென்று அடித்தது. என்னுடையதைவிட ஜாஸ்தி!

"இதுக்கும் பயந்தான். அதுக்குன்னு எறங்கி ஓடியா பூட்ச்சு?" என்றார் அந்த அம்மா.

"கால கட்டிப் போட்டிருக்கீங்களே, எப்படி ஓடும்?" என்றேன். அவர் குலுங்கிச் சிரித்தார். பின் சீட்டிலும் சிரிப்பு. மாதக்கணக்காக மறந்திருந்த சிரிப்பு எனக்கும் வந்தது.

வேன் கவிழ்ந்த வளைவு வந்தது. பயமும் வந்தது. கண்ணில் தண்ணீர் கட்டியது. கோழியின் சூடு, பலாப்பழ வாசனை, அந்த அம்மாவின் வளையல் சத்தம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே இருந்தேன். நிமிர்ந்தபோது வளைவு பின்னால் போயிருந்தது.

வெள்ளிமலையில் கோழியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மடியில் இருந்த தாளைப் பார்த்தேன். என் இடமாற்ற மனு! 'மதிப்பிற்குரிய ஐயா'வில் தொடங்கி என் கையெழுத்து வரைக்கும் கோழி தன் முடிவை எழுதி வைத்திருந்தது.

இப்போதும் அந்த வளைவில் பயம் ஏறிக்கொள்கிறது. நானும் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுக்கிறேன், இரண்டு பேரும் மணி அடிப்பதற்குள் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்துவிடுகிறோம்.